மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டு

மகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்ட தட்டுகள் இன்னும் கழுவப்படாமல் கிடந்தன. பாதிக் கண் மூடி, தும்மப் போகிறவள் மாதிரி கம்ப்யூட்டர் திரையில் உறைந்துபோன மகளை அவள் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைபேசி அடித்தது.

"அம்மா, உன் கம்ப்யூட்டர்ல இடமே இல்லம்மா, அதான் இப்படித் திணறுது. லைப்ரரியில அத்தனை மெஷினைச் சுத்தம் பண்ற, வீட்டுல இருக்கிற ஒண்ணைப் பண்ணக் கூடாதா? டெம்ப் ஃபைல் எல்லாத்தையும் அழிச்சு விடு. நாளைக்கு சாயங்காலம் கூப்பிடறேன்."

மகள் சொன்னது நியாயம்தான். கல்லூரி நூலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக அட்டவணை எழுதுகிறவள் அவள். மாணவர்கள் உட்காரும் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களையும் மாதத்தில் முதல் சனிக்கிழமை உட்கார்ந்து துப்புரவு செய்வதும் அவள் வேலைதான். திரையில் ஜன்னலை மூடிவிட்டால் பார்த்ததெல்லாம் போய்விடும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். போகாது. பார்த்த பக்கத்தின் படம், எழுத்து, துண்டு துக்கடா எல்லாம் உள்ளே ஃபோல்டர் என்கிற ஓர் ஒளித்த உறைக்குள் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். அந்த உறையைத் திறந்து, ஒன்றையும் பார்க்காமல், மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுவாள். பார்க்காமல் அழிப்பதுதான் மரியாதை என்பது அவளே வைத்துக்கொண்ட சட்டம்.

ஆனால் வீட்டில் அந்தச் சட்டம் செல்லவில்லை. துவைக்கப் போடும் சட்டையின் பையைத் துழாவாமல் அவளால் தண்ணீரில் முக்க முடியாது. இருபத்தேழு வருஷப் பழக்கம். தவிர, மகள் அனுப்பிய புகைப்படங்களை ஒருமுறை கண்ட இடத்தில் சேமித்துவைத்து, சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அத்தனையையும் தொலைத்தவள் அவள். அதனால் இந்த முறை நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். முதலில் போன பக்கங்களின் பட்டியலைத் திறந்தாள். துடைத்துவைத்த தட்டு மாதிரி காலியாக இருந்தது.

அவள் அதை அழிக்கவில்லை. வீட்டில் மிச்சம் இருப்பவர் ஒருவர்தான். "இந்த எலியை எந்தப் பக்கம் நகத்தணும்?" என்று இன்றைக்கும் கேட்கிற ஆள். மாநகரப் பேருந்தில் இருபத்தொன்பது வருஷம் ஓட்டுநர். டிப்போவில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர்; இரண்டு லாரிக்கு நடுவில் வண்டியை நுழைத்து வெளியே எடுத்தால், இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர்தான் மிச்சம் இருக்கும் என்பார்கள். பேருந்தை அப்படி ஓட்டுகிறவர் இந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தால் பயப்படுவார். அவர் பட்டியலை அழிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்! உள்ளறையில் அவர் குறட்டைவிடுவது சீராகக் கேட்டது. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். 'மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டு' என்ற கட்டத்தில் குறியிட்டாள். உறை திறந்தது.

பழைய கம்ப்யூட்டர். பத்தாயிரத்துச் சொச்சம் கோப்புகள், பைத்தியக்காரன் வைத்த மாதிரிப் பெயர்களோடு. படமாகக் காட்டச் சொன்னதும் ஒவ்வொன்றாகத் தெளிய ஆரம்பித்தன. அவள் பார்த்த புடவைகள், மகள் ஊரின் மழை மேகம், ஒரு மிக்ஸி. அதற்குக் கீழே ஒரு தெரு. தெருவில் இரண்டு குழந்தைகள் பந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அடுத்த படத்திலும் அதே தெரு, அதே குழந்தைகள். ஆனால் ஓரமெல்லாம் கருத்து, குழாய் வழியே பார்ப்பது போலிருந்தது. அதற்கடுத்ததில் பந்து மட்டும் மிச்சம். அதே மாதிரிப் படங்கள் வெவ்வேறு பக்கங்களிலிருந்து, முப்பது நாற்பது இருந்தன. வெட்டிப் பிளந்த கண்ணின் படங்கள். சொட்டு மருந்து விட்டுக்கொள்ளும் ஒரு கிழவர்.

எழுத்துக் கோப்புகளில் ஒன்றைத் திறந்தாள். கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறுவதைப் பற்றிய பக்கம். வலி இருக்காது. முதலில் பக்கப் பார்வை போகும். நேர்ப்பார்வை கடைசிவரை கூர்மையாகவே இருக்கும். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் கடைசி வரிவரைக்கும் படித்துவிடுவார்கள். போன இடத்தில் இருட்டாகவும் தெரியாது. இல்லாத இடத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். போன பார்வை திரும்பாது. சிகிச்சை எடுத்தால் இருப்பதைக் காப்பாற்றலாம்.

தேதிகளைப் பார்த்தாள். நாலு மாதம் முன்பு தொடங்குகிறது. எல்லாமே மதியம் மூன்றிலிருந்து ஐந்துக்குள். காலை வண்டியை விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வந்து, அவள் நூலகத்திலிருந்து வராத நேரம். ஒரு பக்கத்தில், சோதித்துப் பார்ப்பது எப்படி என்று போட்டிருந்தது: இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, நேரே பார்த்தபடி விரல்களை ஆட்டுங்கள்.

பால்கனியில் அவர் அப்படி நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். போன மாதம். கையை விரித்துக்கொண்டு, விரலை ஆட்டிக்கொண்டு. "என்ன, பறக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். "தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு, அதான்" என்றார் அவர். அவள் அதைப் போய்ச் சொல்ல, நூலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

அவள் எதையும் அழிக்கவில்லை. திரையை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் தட்டுகளைக் கழுவினாள். அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது தேநீர் டம்ளரைச் சத்தமில்லாமல் அவருடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கேயே நின்றாள். அவர் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் திருப்பினார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்து, "டீ ஆச்சா?" என்று குரல் கொடுத்தார்.

"இங்கதான் நிக்கறேன்" என்றாள் அவள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முழங்கை தட்டி டம்ளர் கவிழ்ந்தது. புருஷனை வைத்துப் பரீட்சை பார்த்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. தேநீரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்:

"பாப்பா ஏதோ அழிக்கச் சொன்னாளே, அழிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அழிச்சிரு. வேண்டாத குப்பையெல்லாம் எதுக்கு?"

*

மறுநாள் காலை அவள் விடுப்புச் சொல்லிவிட்டு அவருடைய வண்டியில் ஏறினாள். கல்யாணமான புதிதில் அவர் சொன்னது, வீட்டு ஆட்கள் வண்டியில் இருந்தால் கவனம் சிதறும் என்று. அதிலிருந்து அவள் வேறு எந்த வண்டியிலும் போவாள், அவர் வண்டியில் ஏறியதில்லை. டிப்போவிலிருந்து நான்காவது நிறுத்தத்தில், கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வாசலில் ஏறி, இடப்பக்க ஜன்னலோரம் நடுவில் ஓர் இடம் பிடித்தாள். அங்கிருந்து பார்த்தால் உள்கண்ணாடியில் அவருடைய நெற்றியும் புருவமும் தெரிந்தன.

அழகாகத்தான் ஓட்டினார். மற்றவர்கள் போல் பிரேக்கை மிதித்து ஆட்களைக் கொட்டிக் கவிழ்க்கவில்லை. ஆனால் அவர் தலை ஓரிடத்தில் நிற்கவில்லை. வலது, இடது, மறுபடி வலது என்று குருவி மாதிரி திரும்பிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்து, முன் இருக்கைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம், "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு ஓட்டறார் பாருங்க, இவர் வண்டின்னா நிம்மதி" என்றார்.

நடத்துநரை அவளுக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். ஒல்லியான மனிதர். விசில் என்று கூப்பிடுவார்கள். அவருக்கும் அதுதான் பிடிக்கும். சீட்டுக் கொடுக்க வந்தவர் அவளைப் பார்த்ததும் கையை நீட்டியபடி நின்றுவிட்டார். "அண்ணி..." என்றார். சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

அப்புறம்தான் அவள் கவனித்தாள். ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னாலும், சீட்டுக் கிழிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு விசில் முன்வாசலுக்கு ஓடினார். படியில் ஒரு காலை வைத்து வெளியே தலையை நீட்டி, தகரத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "வரலாம்... வரலாம்... ஆள் இருக்கு, நில்லு... இப்பப் போலாம்." எல்லா நடத்துநரும் செய்வதுதான், ஆனால் எல்லாத் திருப்பத்திலும் யாரும் செய்வதில்லை. நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது, குறுகலான தெருவில் ஒதுங்கும்போது, ஓரமாக ஒரு நாய் போனால்கூட விசிலின் குரல் வந்தது. வண்டியின் இடது பாதி அவர் குரலில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கடைத்தெருத் திருப்பத்தில் கூட்டம் நெரிந்தது. இரண்டு மூட்டையோடு ஏறிய ஒரு பெண்மணி வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். விசில் பின்பக்கம் மாட்டிக்கொண்டார். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று அவர் முண்டிக்கொண்டிருக்கும்போதே பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்து இடதுபுறம் திரும்பத் தொடங்கியது. அவளுடைய ஜன்னலுக்குக் கொஞ்சம் முன்னால், கை எட்டும் தூரத்தில், ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் ஒரு மர நாற்காலியைத் தலைகீழாகக் கட்டியிருந்தார். நாலு காலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. வண்டியின் பக்கச்சுவர் அந்த மனிதரை நடைபாதைக் கல்லோடு சேர்த்து நெருக்கிக்கொண்டே போனது. உள்கண்ணாடியில் புருவம் அமைதியாக இருந்தது.

"ஏங்க!" என்று கத்தினாள். "ஏங்க, ஆள்!"

வண்டி குலுங்கி நின்றது. மரம் முறியும் சத்தம் கேட்டது. நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். வெளியே அந்த மனிதர் சைக்கிளோடு நடைபாதையில் சரிந்திருந்தார், எழுந்தார், தன்னைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால் நாற்காலியைத் தடவிப் பார்த்தார். ஒரு கால் போயிருந்தது. முறிந்த காலைக் கையில் எடுத்து ஓட்டுநர் பக்கம் ஆட்டி, அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். விசில் குதித்து இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டுச் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்.

உள்கண்ணாடியில் இப்போது அவருடைய கண்கள் தெரிந்தன. வண்டிக்குள் ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகக் கத்துவார்கள். ஆனால் இந்த 'ஏங்க' ஒருத்தியுடையது. கூட்டத்துக்கு நடுவில் அவளைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்டுபிடித்ததும் பார்வையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கடைசி நிறுத்தம்வரை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார்.

கடைசி நிறுத்தத்தில் அவர் இறங்கி, திரும்பிப் பார்க்காமல், நேரக்காப்பாளர் அறைக்குப் போய்விட்டார். விசில் அவளிடம் வந்தார்.

"எனக்கு அஞ்சாறு மாசமாத் தெரியும் அண்ணி. அவர் சொல்லல, நானே கண்டுபிடிச்சேன். ரிட்டயர் ஆக இன்னும் ஒண்ணரை வருஷம்தானே, ஓட்டிடலாம்னு நினைச்சோம். நான் ஒரு நாள் லீவு எடுக்கல அண்ணி. தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போகல. தூக்கத்துல 'ஆள் இருக்கு, ஆள் இருக்கு'ன்னு கத்தறேனாம், வீட்டுல பயப்படறாங்க."

"இன்னிக்கு உங்க குரல் கேக்கலையே" என்றாள் அவள். அவரைக் குற்றம் சொல்ல அல்ல. ஆனால் அவர் படிக்கட்டில் உட்கார்ந்து, சீட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்துகொண்டார்.

*

அவர் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது, அவள் கம்ப்யூட்டரைப் போட்டு அந்த உறையைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் அவர் திரையைப் பார்த்தார். வரிசை வரிசையாக அந்தத் தெரு. பந்து, குழந்தைகள், கருத்த ஓரங்கள்.

"இதையெல்லாம் அழிச்சேனே."

"நீங்க அழிச்சது பட்டியலைத்தான். உள்ள இருந்தது அப்படியேதான் இருக்கு."

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "வருஷா வருஷம் டிப்போவுல பலகை வச்சுப் படிக்கச் சொல்றாங்க. கடைசி வரி, எறும்பு மாதிரி எழுத்து, அதைக்கூடப் படிக்கிறேன்டி" என்றார்.

"சைக்கிள்ல வந்த நாற்காலி, படிக்கறதுக்கு எழுத்து இல்லைங்களே."

அவர் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார்.

"மருந்து விட்டா இருக்கறதைக் காப்பாத்தலாம்னு எழுதியிருக்கான். அதையும்தானே படிச்சீங்க? ஏன் போகல?"

"போனா, வண்டி ஓட்ட லாயக்கில்லன்னு டாக்டர் எழுதிக் குடுத்துடுவான். அப்புறம் டிப்போ கேட்டுல உக்காரவச்சு வண்டி நம்பரைக் குறிக்கச் சொல்வாங்க." கையை முழங்காலில் தேய்த்துக்கொண்டார். "காப்பாத்தணும்னு போனா, போனதை முதல்ல ஒத்துக்கணும். அது என்னால ஆகல."

அப்போது அவளுக்கு அவர்மேல் கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வந்தது வேறு ஏதோ. நாலு மாதமாக மதியங்களில் இந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி, படித்து, பிறகு அதை அழிக்கவும் கற்றுக்கொண்டு, அவள் வரும் நேரம் பார்த்து எழுந்துபோய்ப் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்ட மனிதரை நினைத்தாள். தான் கதவைத் திறந்துகொண்டு வரும்போதெல்லாம் அவர் எவ்வளவு இயல்பாக "வந்துட்டியா?" என்று கேட்டார்.

"அழிச்சிரு" என்றார் அவர். "பாப்பா கண்ணுல படக் கூடாது."

அவள் மவுசை அவர் பக்கம் நகர்த்தினாள். எதை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொன்னாள். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தார், தெருக்களெல்லாம் நீலமாயின. 'நிரந்தரமாக அழிக்கவா?' என்று கேட்டது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு அழுத்தினார். பச்சைக் கோடு மெதுவாக நீண்டது. ஒன்பதாயிரம், ஆறாயிரம், இரண்டாயிரம். உறை காலியானது.

"இனி யாருக்கும் தெரியாதுல்ல?"

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு நீங்க வண்டியைத் தொட்டா, நான் டிப்போவுக்கு வந்து சொல்லிடுவேன்."

"சொல்லிடுவியா?"

"சொல்லிடுவேன்."

"பேர்கூடத் தெரியாத எவனோ ஒருத்தன் என்னை விடப் பெரிசாப் போயிட்டானா உனக்கு?"

அந்தச் சைக்கிள் மனிதரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. முறிந்த நாற்காலிக் காலைப் பிடித்திருந்த கைதான் வந்தது. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆறு மணிக்கு மகள் கூப்பிட்டாள். படம் கண்ணாடி மாதிரி வந்தது. "ஐயோ, எவ்வளவு தெளிவாத் தெரியறீங்க! அம்மா, கலக்கிட்ட போ. அப்பா, உன் நரைமுடியைக்கூட எண்ணிடலாம் போலிருக்கே" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். சாப்பிட்டாயா, குளிர் எப்படி, வேலை எப்படி என்று வழக்கம்போல எல்லாவற்றையும் கேட்டார். பேச்சு முடிந்து திரை அணைந்ததும் அவர் முகமும் அணைந்தது.

காலையில் அவர் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, சவரம் செய்து, சீருடை போட்டுக்கொண்டார். அவள் வாசல் கதவருகே போய் நின்றாள். தடுக்கவா, பின்னால் போகவா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலில் ஷூவைப் போட்டு நாடாவைக் கட்டினார். மற்ற ஷூவைக் கையில் எடுத்தார். அதோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய வண்டி கிளம்ப வேண்டிய நேரம் வந்தது, போனது. வெளியே விடிந்து, மாடி வீட்டில் யாரோ தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது. கைபேசி அடித்தது. டிப்போ. மூன்று தடவை அடித்து ஓய்ந்து, நாலாவது தடவை அவர் எடுத்தார்.

"ம்... வரல... இல்ல, காய்ச்சல் எல்லாம் இல்ல." அந்தப் பக்கத்திலிருந்து "ஹலோ, ஹலோ" என்ற குரல் அவளுக்கே கேட்டது. "கண்ணு" என்றார். "கண்ணு சரியில்ல எனக்கு."

*

கண் மருத்துவமனையில் அவர் சீருடையோடுதான் உட்கார்ந்திருந்தார். பலகையைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரிவரைக்கும் தடங்கலில்லாமல் படித்துவிட்டு, அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அழுத்தம் பார்த்தார்கள். டாக்டர் முகத்தில் எதையும் காட்டாமல் ஒரு சீட்டில் எழுதி, உள்ளே ஓர் இருட்டறைக்கு அனுப்பினார்.

அறையில் பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்றைப் படுக்கவைத்தது போல ஓர் இயந்திரம். இளம்பெண் ஒருத்தி அவருடைய ஒரு கண்ணை மூடிக் கட்டி, தாடையை ஒரு தாங்கியில் வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். "நடுவுல இருக்கிற மஞ்சள் புள்ளியை மட்டும் பாருங்கய்யா. கண்ணை அசைக்காதீங்க. எங்கயாவது சின்னதா வெளிச்சம் தெரிஞ்சா அழுத்துங்க. தெரியலைன்னா விட்டுடுங்க. இதுல பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாது."

வேறு நாற்காலி இல்லாததால் அவளை அந்தப் பெண் தன் பக்கத்திலேயே உட்காரச் சொன்னாள். இயந்திரத்தின் இந்தப் பக்கம் ஒரு சிறிய திரை இருந்தது. விளக்கை அணைத்ததும் அதில் புள்ளிகள் வர ஆரம்பித்தன. வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே ஒரு புள்ளி மின்னும். பொத்தான் அழுத்தினால் அது வெள்ளை வட்டமாகும் என்று அந்தப் பெண் மெல்லிய குரலில் சொன்னாள். அழுத்தாவிட்டால் கறுப்புக் கட்டம்.

ஓரத்தில் ஒன்று மின்னியது. கறுப்பானது. அதற்குக் கீழே ஒன்று. கறுப்பு. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒன்று, மேலே ஒன்று, பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு. அவள், அவர் கையிலிருந்து அந்த 'டக்' வருமா என்று காதைத் தீட்டிவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார் அவர் கிண்ணத்துக்குள்ளிருந்து.

அந்தப் பெண் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆரம்பிச்சாச்சுய்யா" என்றாள்.

அவர் தாடையை இன்னும் அழுத்தமாக வைத்துக்கொண்டார். கிண்ணத்தின் வெள்ளை வெளிச்சத்தில் அவருடைய கட்டைவிரல் பொத்தானின்மேல் லேசாக வளைந்து, அசையாமல், தயாராக இருந்தது.